பாதி செஸ் செட்

கைப்பேசியில் முகம் தெரியாத எதிராளி ஓரச் சிப்பாயை முதலில் நகர்த்தினான். எனக்குச் சிறுவயதில் இருந்த மாரண்டஹள்ளி நினைவு வந்தது.

நானும் என் கூட்டாளி பஷீரும் அப்படித்தான் தொடங்குவோம். யானை சீக்கிரம் வெளியே வரவேண்டுமாம். என் யானை வந்ததும் சாகும். அப்படியொரு மேதை நான்.

அவன் குடும்பம் ஓசூருக்குக் குடிபோன காலையில், சேர்ந்து வாங்கிய செஸ் செட் யாருக்கு என்று ஆடினோம். கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டிரா மாப்ள. எங்க வூட்டு வேன் கெளம்புது."

"அப்ப செட்டு?"

"வெள்ளை எனக்கு, கறுப்பு உனக்கு."

இனி இருவராலும் ஆட முடியாது என்பது வேன் போனபிறகுதான் எனக்கு உறைத்தது.

"என்னடா, ஜெயிச்சியா?" என்றாள் அம்மா.

"பாதி ஜெயிச்சேன்மா."

சோறு போட்டாள். தின்றேன், அழுகைகூட வரவில்லை.

இன்று எதிராளி டிரா கேட்டான். மறுத்து, ஆடி, தோற்றேன்.