அத்தான் கட்டிய கரை

நெய்யாறு கடலில் சேரும் பொழிக்குச் சற்று மேலே, குளத்தூர்ப் பக்கம், என் அக்காவுக்கு ஒரு வீடு இருந்தது. ஒருகாலத்தில் அந்த இடம் அலையாத்தி மரங்கள் அடர்ந்த கண்டல் காடு. அத்தான்தான் அதை வெட்டி, சேற்றில் மண் நிரப்பி, ஆற்றோரம் கரை எழுப்பித் தென்னை வைத்தார். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரும்போதும் நகக்கண்ணில் சேறு இருக்கும்.

மலையில் பெருமழை பெய்து அணையின் ஷட்டரைத் திறந்தால், அத்தான் கரை கட்டியதால் ஆற்றுக்கு அங்கே பரவ இடமில்லை. தண்ணீர் பின்னாலிருந்த தாழ்ந்த வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு மழையில் கரையையும் தாண்டியது. அந்த வெள்ளத்தில் நனைந்து காய்ச்சலில் கிடந்தபோதும், "இன்னும் ஒரு முழம் உயத்தினா போதும்" என்றுதான் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் எழும்பவில்லை.

கழிமுகத்தைப் பழையபடி ஆக்குவதற்கு நிலத்தை ஆற்றுக்கே விட்டுத்தரும்படி அதிகாரிகள் வந்து கேட்டார்கள். அக்கா உடனே சம்மதித்தாள்.

"குடுத்திடலாம் மக்கா. பெறத்தால வீடுகள்ல உள்ளவங்க பிள்ளையளத் தூக்கிட்டு எத்தன தடவதான் ஓடுவாவ?" என்றாள் என்னிடம்.

கரையை உடைத்த அன்று நானும் கூட நின்றேன். ஜேசிபி முதல் மண்ணை அள்ளியதும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தான் உள்ளே போட்டிருந்த ஓட்டுத்துண்டுகளும் கருங்கல்லும் சரிந்து விழுந்தன. கடலேற்றத் தண்ணீர் மெல்ல உள்ளே வந்து தென்னைகளின் அடிமூட்டில் நின்றது. நடவு வேலையைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி, முதல் கண்டல் கன்றை அக்காவே நடவேண்டும் என்று மலையாளத்தில் சொல்லி நீட்டினாள். அக்கா கை நீட்டவில்லை.

"அவரு வெட்டினதாக்கும் இது. என் கையால நட முடியாது பிள்ளே. நீங்க நடுங்க."

இப்போது அவள் செங்கல் என்ற ஊரில் என் வீட்டில் இருக்கிறாள். கண்டல் இடுப்பளவு வளர்ந்துவிட்டதாம். அவள் போய்ப் பார்க்கவில்லை. இந்த மழைக்காலத்தில் ஷட்டர் திறந்த மறுநாள், பழைய பின்வீட்டுக்காரி ஃபோனில் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த தடவ வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறல்ல. உங்களாலயாக்கும்."

"நல்லதாச்சு" என்று சொல்லி ஃபோனை வைத்தாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "அப்போ அவரு பாடுபட்டது எல்லாம் தப்பா மக்கா?" என்றாள்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.