அவளை விட்டுவிட்டு ஓடிய காலைகள்

1979-ஆம் ஆண்டு ஜூலை 16, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஆடி பிறக்க ஒரு நாள் இருந்தது. மேல்காற்று பலமாக வீசியது. மேகம் மூடியிருந்தும் தூறல் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் ஒரே மகள் ஏழு வயதில் மூளைக் காய்ச்சலில் போய் அன்றோடு நூற்று முப்பத்தோரு நாள்.

இராசிபுரத்துக்குத் தெற்கே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் எனக்கு எடைமேடை எழுத்தர் வேலை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரிகளை எடை போட்டுப் பதிய வேண்டும். அந்த நான்கு மாதத்தில் ஒன்பது முறை எடையைத் தப்பாக எழுதினேன். அதற்கு முந்தைய பதினோரு வருடத்தில் இரண்டே முறைதான். தூக்கமில்லை. சோற்றைப் பிசைந்தால் கை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் நடக்கப் போனேன்.

அன்று ஒரு நாய் துரத்தியது. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். நூறடி போனதும் நாய் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஏரி மதகிலிருந்து கரையின் மறுகோடியில் இருந்த கோயில் வரை ஓடி, திரும்பி ஓடிவந்து, மூச்சு இரைக்க மதகின்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் நான் மகளை நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று இட்லி சாப்பிட்டேன்.

அதன்பின் தினமும் ஓடினேன். நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்று எண்ணிக்கொண்டு ஓடுவேன். எண்ணிக்கை தவறக்கூடாது என்ற கவலையில் மற்றக் கவலை ஒதுங்கிவிடும். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இருக்கும். ஓடி முடித்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் நெஞ்சின்மேல் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எடையில் தப்பு வருவது நின்றது. ஆலையில் லோடு இறக்குகிறவர்கள் கேலி செய்தார்கள்: "ஏனுங்க ரைட்டரய்யா, எடை போடாத லாரி எதாச்சும் தப்பிப் போயிருச்சுங்களா, அந்தத் தொரத்து தொரத்தறீங்க?"

முதல் சில நாட்கள் வீட்டு வாசலிலிருந்தே ஓடினேன். அது தப்பாகப் போயிற்று. எங்கள் பக்கம் விடியற்காலையில் தெருவில் வளர்ந்த ஆள் ஒருவர் வேகமாகப் போனால் இழவு சொல்லத்தான் போகிறார் என்று அர்த்தம். கிழக்குத் தெருவில் ஒரு தாத்தா வெகுநாளாகப் படுக்கையில் கிடந்தார். அவர் வீட்டைத் தாண்டி நான் ஓடுவதை எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, பற்றவைத்த அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு அழுதபடி வந்தாள். அவள் பின்னால் பதினோரு பேர். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆரு சாமி போயிட்டது?"

"நீங்கதானுங்க மாமா."

"அப்படியா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

ஊர்ப் பெரியவர் அன்று மாலை என்னிடம் வந்தார். "ஓடறதுன்னா ஏரியில போயி ஓடிக்கங்க. தெருவுல வேண்டாமுங்க. சனம் பயப்படுது" என்றார். தெருவில் நடந்து, ஏரிக்குப் போனபின் ஓடுவது என்று ஆயிற்று.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். மகள் போனதிலிருந்து அவள் வேலை முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில். தாத்தா கேட்டதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சத்தம் இல்லை, ஆனால் சிரிப்புத்தான். மறுநாள் காலை நான் கிளம்பும்போது கொண்டையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நானும் வாரேனுங்க."

"எங்க?"

"ஓடறதுக்கு. ஓடுனா உங்களுக்குச் சோறு எறங்குதல்ல? எனக்கும் எறங்கட்டும்."

"பொம்பள ஓடுனா ஊரு என்ன நெனைக்கும் புள்ள? அதுவும் விடியால, ஏரியப் பாத்து. சாகத்தான் ஓடறான்னு கவுத்த எடுத்துட்டுப் பின்னாலயே வருவாங்க."

"சாகப் போறவ எதுக்குங்க ஓடறா? மெல்ல நடந்தே போவா."

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பதினோரு பேர் வந்த கூட்டம் கண்ணிலேயே நின்றது.

ஒன்பது நாள் கழித்து மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை அக்டோபரில். "தெருவுல நடந்தே வாரேன். அந்தக் கோடியில ஆருமில்லாத எடத்துல ஓடறேன்" என்றாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். மறுநாள் அரை மணி முன்னதாகவே எழுந்து பின்கதவு வழியாகப் போய்விட்டேன். ஓடினேன். ஆறு மணிக்குத் திரும்பிவந்தால், அவள் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொண்டை இறுக்கியபடி இருந்தது. சேலை முந்தானை இடுப்பில் செருகியபடி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"போயிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் கேட்கவில்லை. அதன்பின் குளிப்பதும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அண்ணன் வந்து நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் இருந்த தன் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். "கொஞ்ச நாளு அங்க இருக்கட்டுமுங்க மாப்ள" என்றார். நான் தலையாட்டினேன்.

அவள் போன மறுநாளும் ஓடினேன். அன்றும் நெஞ்சு லேசாயிற்று. லேசாகாமல் இருந்திருந்தால் என்னை நான் கொஞ்சம் மதித்திருப்பேன்.

1983 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பார்க்க அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மஞ்சள் வெட்டிய காடு வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. "வா புள்ள, ஓடலாம்" என்று கையைப் பிடித்தேன். எழுந்து வந்தாள். பதினான்கு அடி ஓடியிருப்போம். வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குங்க ஓடறது?" என்றாள்.

கோபமில்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். மூன்றரை வருடமாகத் தினமும் காலையில் எனக்குத் தெரிந்திருந்த பதிலை அவளிடம் சொல்ல வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை.

1985 ஜூன் 3, திங்கட்கிழமை, மஞ்சள் காமாலையில் போனாள். அண்ணன் வீட்டில் அவள் இருந்தது இரண்டாயிரத்து முப்பத்தோரு நாள். அதில் ஞாயிறுகள் இருநூற்றுத் தொண்ணூறு. காய்ச்சல், மழை, ஆலையில் அவசர லோடு என்று நான் போகாமல் விட்டவை இருபத்தொன்பது. மற்ற ஞாயிறுகளில் போய்ப் பார்த்தேன். அந்த இருநூற்று அறுபத்தோரு நாளைக் கழித்தால், அவள் உயிரோடு இருந்தும் நான் முகம் பார்க்காத நாட்கள் ஆயிரத்து எழுநூற்று எழுபது.