பெற்றிசியாவின் முதலாம் விருப்பம்

நறுவிலிக்குளத்தில் புவியியல் படிப்பிக்கும் பெற்றிசியா ரீச்சர் சிரித்தால், பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறவர் சோக்குக்கட்டியை வைத்துவிட்டு நிற்பார். வலைப்பந்துத் திடலில் அவர் போடும் சத்தம் குளக்கட்டு வரைக்கும் கேட்கும். இந்த மனுசி எப்படிப் பட்டதாரியானார் என்று புதிதாக வந்த அதிபர் ஒருவர் வியந்தாராம். அதிபரைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்தமாகச் சிரிக்கிற பெண்பிள்ளை புத்தகம் திறக்காது என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு பத்தொன்பது வயதில் பெற்றிசியா மல்லுக்கட்டினாள்.

அவள் பிறந்தது மன்னார்த் தீவில், தோட்டவெளியில். தகப்பன் அருளப்பு கடற்றொழிலாளி. நல்லவர், ஆனால் பிடித்தால் விடமாட்டார். தாய் மாக்கிறட். பத்தாம் வகுப்பில் பெற்றிசியா பாடசாலை வலைப்பந்து அணிக்குத் தலைவி, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. சாதாரணதரச் சோதனை முடிந்த அன்றே அருளப்பு இரண்டையும் நிறுத்திவிட்டார். உயர்தரம் முடியட்டும், பிறகு ஆடு, பாடு, ஆர் வேண்டாமென்றது என்றார். அவளும் அந்தச் சொல்லை நம்பி இரண்டு வருசம் பள்ளிக்கூடம், ரியூசன், வீடு என்று மூன்று இடத்துக்குள்ளேயே சுற்றினாள். மூன்று பாடமும் திறமாக வந்தன. அருளப்பு சந்தியில் நின்று போறவாறவர்களுக்கெல்லாம் சொன்னார். மகள் பழைய பேச்சை நினைவூட்டியபோது மட்டும், இனிக் கம்பஸ் முடியட்டும் என்றார்.

அந்தப் பதிலில் பெற்றிசியாவுக்கு நெஞ்சு எரிந்தது. கம்பஸ் முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் கலியாணம், கலியாணம் முடிந்தால் பிள்ளை. தான் சிரித்து விளையாடுவதற்கான தவணை கிழவியான பிறகுதான் வரும்போல என்று நினைத்தாள். படிப்பும் வேண்டும், படிக்கிற காலத்தில் சீவியமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற கம்பஸைத்தான் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாம் விருப்பமாகப் போடுவேன் என்று முடிவெடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்புவதற்கு ஒரு முறை இருந்தது. ரியூசன் மாஸ்ரர் போன வருசத்து வெட்டுப்புள்ளிகளை வைத்துக்கொண்டு, இதை முதலாவதாகப் போடு, இதை இரண்டாவதாகப் போடு என்று சொல்வார். பிள்ளைகள் சொல்வதெழுதுதல்போல எழுதுவார்கள். எங்கே இடம் கிடைக்கும் என்பதுதான் எல்லாருடைய கேள்வி. அங்கே போய் எப்படி இருக்கலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. விண்ணப்பத்தோடு வருகிற கைநூலிலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது. முடிவுத் திகதி மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு அடுத்த கிழமை. பெற்றிசியா படிவத்தையும் ஒரு கொப்பியையும் உடுப்புப் பையின் அடியில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு மடுவுக்குப் போனாள்.

சமாதான ஒப்பந்தம் எழுதி இரண்டாவது வருசம் அது. இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி இலட்சக்கணக்கில் சனம் வந்திருந்தது. காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரத்தோடு கூடாரம் முட்டிக்கொண்டு நின்றது. நாட்டிலுள்ள கத்தோலிக்கக் கம்பஸ் பிள்ளைகளில் பாதி இங்கேதான் நிற்பார்கள் என்று பெற்றிசியா போட்ட கணக்குப் பிழைக்கவில்லை. தண்ணீர் எடுக்கிற வரிசையிலும் சோறு காய்ச்சுகிற அடுப்படியிலும் அவர்களைப் பிடித்தாள். கொப்பியில் நாலு கேள்வி எழுதி வைத்திருந்தாள். நூலகம் எத்தனை மணிவரைக்கும் திறந்திருக்கும், விரிவுரை முடிந்தபிறகு எங்கே நிற்பீர்கள், பெண்பிள்ளைகளுக்கு விளையாடத் திடல் உண்டா, கடைசியாக எப்போது வயிறு நோகச் சிரித்தீர்கள். கடைசிக் கேள்விக்குச் சிலர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்த இருவர் தங்கள் இடத்தைப் பற்றி நல்லாகத்தான் சொன்னார்கள். ஆனால் அருளப்பு மகளுக்காக அங்கே பேசி வைத்திருந்த கன்னியர் மடத்து விடுதியில் மாலை ஐந்தரைக்குக் கதவு பூட்டிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வலைப்பந்துப் பயிற்சி தொடங்குகிற நேரம் அது. பேராதனைப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்களில் றோஸ்மேரி என்ற மூன்றாம் வருசக்காரி புவியியல் படிக்கிறவள். வரைபடத்தோடு மலையேறுவதையும், மாலையில் திடலில் நிற்பதையும், அதற்குப் பிறகு நூலகத்தில் மேசை பிடிக்க அடிபடுவதையும், விடுதியில் நாடகம் பழகுவதையும் சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, பெற்றிசியா கேட்காத ஒன்றையும் சொன்னாள்.

“அங்கை படி எண்டு சொல்லவும் ஆளில்லை, விளையாடாதை எண்டு சொல்லவும் ஆளில்லை. நேரத்தை நீங்கள்தான் பிரிக்கவேணும். அது ஏலாத ஆக்கள் முதல் வருசமே அழுவினம்.”

பெற்றிசியா அதைக் கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். தனக்கு அது ஏலும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கூடாரத்துக்கு வந்து தாயிடம் சொன்னாள். மாக்கிறட் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, அதுவரை மறைத்து வைத்திருந்த விசயத்தை அவிழ்த்தார். சோதனை நடந்த நாட்களில் அருளப்பு கடலில் வள்ளத்தை நிறுத்தி மடு மாதாவிடம் நேர்ந்திருக்கிறார்: மகள் சித்தியடைந்தால், யாழ்ப்பாணத்து மடத்து விடுதியில் விட்டுப் படிப்பிப்பேன் என்று. நேர்த்தி வைக்கிறவர்கள் தங்கள் தலையை மொட்டையடிப்பார்கள், தங்கள் முழங்காலைத் தேய்ப்பார்கள். அருளப்பு மகளுடைய நாலு வருசத்தைத் தூக்கி நேர்ந்துவிட்டார். பெற்றிசியா ஆத்திரத்தில் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, திருநாளுக்கு வந்திருந்த பங்குச் சுவாமியாரிடம் நேரே போய்க் கேட்டாள்.

நேர்த்தி வைத்தவரைத்தான் கட்டும், இன்னொருவரைக் கட்டாது, அதுதான் திருச்சபைச் சட்டம் என்றார் சுவாமியார். அவள் விரும்பியதை எழுதலாம். கேட்ட உடனே அவளுக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் தகப்பனை அது கட்டும். தீராத நேர்த்தியோடு கடலில் இறங்குகிற ஆள் இல்லை அருளப்பு. அலை கொஞ்சம் எழும்பினாலும் மாதா கேட்கிறா என்றுதான் நினைப்பார். தான் மலையில் சிரித்துக்கொண்டு திரிய, தகப்பன் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு தொழிலுக்குப் போவதா? அந்த நேர்த்தியை மாற்றித் தரலாமா என்று சுவாமியாரிடம் கேட்டாள். மாற்றலாம், ஆனால் நேர்ந்தவரே வந்து கேட்க வேண்டும் என்றார்.

மாதாவிடம் கொடுத்த சொல்லை மாற்றக் கேட்பதா? அருளப்பு அதைவிட வலையை எரித்துவிடுவார். இருந்தாலும் திருநாளுக்கு முதல்நாள் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அவர் பூசையில் நற்கருணை நன்மை எடுத்தது கிடையாது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே பெற்றிசியா சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க இருந்த பாலைமரத்தடி வரிசையில் போய் நின்றாள். ஐந்து மணித்தியாலம். வெயில் ஏறியது, கால் வீங்கியது, அவள் அசையவில்லை. தனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கையில் தகப்பனைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினாள்.

அருளப்பு வந்தார். தன் இடத்தில் அவரை விட்டுவிட்டு அவள் விலகி நின்றாள்.

“அப்பா, நான் பேராதனையைத்தான் முதலாவதாப் போடப்போறன். ஒளிச்சு எழுத மனமில்லை, சொல்லிப்போட்டு எழுதிறன். நீங்கள் சொன்னமாதிரி ரெண்டு வருசம் வாயைப் பொத்திக்கொண்டு படிச்சன். இனிப் படிக்கிறதோடை சிரிக்கவும் வேணும் எனக்கு. உங்கடை நேர்த்தியைச் சுவாமி மாத்தித் தருவார். நீங்கள் கேட்டாத்தான் தருவார்.”

அருளப்புவுக்கு முகம் கறுத்தது. பின்னால் நின்ற சனம் காது கொடுத்தது. அவர் மகளின் வீங்கின காலைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் முழந்தாளிட்டார். சுவாமியாரிடம் என்ன சொன்னார் என்பது இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. நெடுநேரம் எடுத்தது. திரும்பி வந்தவர் மகளைத் தாண்டிப் பத்து அடி போய் நின்றார்.

“நீ படிச்சு முடியுமட்டும் வருசா வருசம் தோட்டவெளியிலயிருந்து மடுவுக்கு நான் நடக்கவேணுமாம். நாலு வருசம். ஒரு பாடத்திலையும் கோட்டை விட்டிடாதை பிள்ளை. அஞ்சாவது வருசம் நடக்க என்னாலை ஏலாது.”

பெற்றிசியா கூடாரத்துக்குள் பாயில் இருந்து, பேராதனையை முதலாவதாக எழுதினாள். இடமும் கிடைத்தது. முதல் வருசம் அவளும் அழுதாள். இரண்டாம் வருசம் நேரத்தைப் பிரிக்கப் பழகினாள். மூன்றாம் வருசம் விடுதி அணிக்குத் தலைவியானாள். சோம்பல் வருகிற நேரங்களில், வெயிலில் நடக்கிற ஒரு மனுசனை நினைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள்.

அருளப்பு இரண்டு வருசம் மடுவுக்கு நடந்தார். பிறகு சண்டை திரும்பி வந்து பாதையைப் பூட்டிவிட்டது. அவரை ஆரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் மூன்றாம் வருசத் திருநாளன்று விடிய எழும்பி, தீவுக்குள்ளேயே தலைமன்னார் வரைக்கும் நடந்து திரும்பி நடந்தார். கிட்டத்தட்ட அதே தூரம். எங்கே போகிறாய் என்று இராணுவச் சென்றியில் மறித்துக் கேட்டார்கள். தலைமன்னாருக்கு என்றார். எதற்கு என்றார்கள். திரும்பி வர என்றார். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

நாலாம் வருசமும் அப்படியே நடந்தார். வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, பேராதனைக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார்.

“பிள்ளை, என்ரை முடிஞ்சுது. உன்ரை என்ன மாதிரி?”

அவளுடைய கடைசிச் சோதனையும் முந்தின கிழமைதான் முடிந்திருந்தது. ஒரு பாடமும் விடவில்லை.