சிவப்புக் காருக்கடியில் மருதாசலம்

மருதாசலம் சிரித்து நான் பார்த்ததில்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையோரத்தில், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. அங்கே வண்டி கொண்டுவருகிறவர்கள் முதலில் திட்டு வாங்குவார்கள். அதன் பிறகுதான் வண்டி சரியாகும். "இதை ஓட்டுனியா, உருட்டுனியா? வண்டிக்கு வாயிருந்தா உன்னையக் காறித் துப்பும்!" என்பார். திட்டு வாங்கிக்கொண்டு போனவர்களே மறுபடியும் வருவார்கள். பழுதை அவ்வளவு வெறியோடு தேடுகிற ஆள் அந்தச் சாலையில் வேறு யாருமில்லை.

அவர் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் சூளைக்கு விறகு தள்ளியவர். அதே ஃபேக்டரியில் மருதாசலம் ஃபிட்டர் ஆனார். தங்கை அன்னக்கிளியை, அங்கே தூள் கட்டும் அறையில் வேலை பார்த்த சின்னராஜுக்குக் கட்டிக் கொடுத்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட காலமும் இருந்தது.

அப்புறம்தான் தேயிலை விலை விழுந்தது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய அந்த வருடங்களை நீலகிரியில் யாரும் மறந்திருக்க முடியாது. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் சாலையில் கொட்டிவிட்டு அழுதார்கள். ஒவ்வொரு ஃபேக்டரியாகப் புகை நின்றது. நிர்வாகம் யாரை வெளியே அனுப்பலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருநாள் இலையை உலர்த்தும் டிரையரில் போட்ட தேயிலை மொத்தமும் கருகிப்போனது.

விசாரணையில் சின்னராஜைக் கேட்டார்கள்.

"மச்சான்தானுங்க டிரையர்ல நின்னாரு" என்றான் சின்னராஜ்.

அது உண்மை. ஆனால் டிரையர் ஃபேனின் பெல்ட் நைந்துபோய், காற்று சரியாக ஓடாமல், வாரக்கணக்கில் ஆகியிருந்தது. புது பெல்ட் கேட்டு மேனேஜரிடம் மருதாசலம் சண்டை போட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் அதே சின்னராஜ்தான். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மருதாசலத்தின் வேலை போனது. பிறகு ஃபேக்டரியையே மூடியபோது, சின்னராஜுக்கு மட்டும் முதலாளி பங்களாவில் டிரைவர் வேலை கிடைத்தது.

"கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த வார்த்தை மருதாசலத்தின் நெஞ்சில் துருப்பிடித்த ஆணியாக ஏறி நின்றது.

அந்தத் தீபாவளிக்கு அன்னக்கிளி பலகாரத் தூக்கோடு வந்தாள். அண்ணன் தூக்கைப் பிடுங்கிச் சாலையில் எறிந்தார். "உம் புருசன் சோறு என்ர ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது!" முறுக்கும் அதிரசமும் சரிவில் உருண்டு போயின. அவள் குனிந்து வெறும் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது.

எஸ்டேட் முதலாளியின் மகன் கீர்த்திவாசனுடைய கார் அது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும், வெளிநாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சம்பளம் வராத ஜனங்கள் பங்களா கேட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டபோது, போர்ட்டிகோவில் அந்தச் சிவப்பு பளபளத்துக்கொண்டு நின்றது. இலை பறிக்கும் அன்னக்கிளி கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சின்னராஜும் சற்று நேரம் அவளருகே நின்றான். கீர்த்திவாசன் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டான்.

மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற காரை, அதன் பிறகு வெளியே எடுத்தபோது அடியில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்த் தொட்டிக்குப் கசிவை அடைக்கும் புது பேக்கிங் போட்டு அனுப்பினார்கள். மலையேறி வந்ததும் மறுபடி ஒழுகியது. சந்தேகம் எங்கே போய் நிற்கும்? சாவி யார் கையில் இருந்ததோ, அவன் மேலேதான்.

மேகம் இறங்கியிருந்த ஒரு மத்தியானம், கீர்த்திவாசன் காரை மருதாசலத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பக்கத்து சீட்டில், பிடித்து வந்த திருடனைப் போலச் சின்னராஜ் உட்கார்ந்திருந்தான். காரின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய் தரையில் விழுந்தது.

மருதாசலம் காரைப் பார்க்கவில்லை. சின்னராஜைத்தான் பார்த்தார். "இந்த நாய் எதுக்குங்க இங்க?"

"இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்" என்றான் கீர்த்திவாசன். "ஸ்ட்ரைக்குக்கு அப்புறம்தான் ஒழுகுது. போல்ட்டைத் தளர்த்தினானோ, ஓட்டை போட்டானோ, நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். வேலையும் போகும், எஸ்டேட் குடுத்த லைன் வீடும் போகும்."

"குன்னூர்ல வேற மெக்கானிக்கே இல்லீங்களா?"

"இருக்காங்க. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு எஸ்டேட்டுக்கே தெரியும். நீங்க இவனைக் காப்பாத்த மாட்டீங்க. அதான் இங்க வந்தேன்."

மருதாசலத்தின் உதட்டோரம் இழுபட்டது. "செரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க."

"மச்சான், சாமி சத்தியமா நான்..." என்று இறங்கினான் சின்னராஜ்.

"மச்சானா? எவன்டா உனக்கு மச்சான்? தள்ளி நில்லுடா. உன்ர நெழல் பட்டா ஸ்பேனரு துருப்பிடிக்கும்."

அப்போது தேயிலைச் சரிவின் குறுக்குப் பாதையில் அன்னக்கிளி ஓடி வந்தாள். இலை பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படுதாவைக் கூட அவிழ்க்கவில்லை. தலை முழுக்க மேகத்தின் ஈரம். சேதி கேட்டதும் இலைக்கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வருடங்களுக்குப் பிறகு அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அண்ணா, அவரைக் காப்பாத்துன்னு கேக்க வரலீங்ணா. உள்ளதை மட்டும் சொல்லுங்ணா."

உள்ளதை! அந்தச் சொல்லா அவள் வாயிலிருந்தும் வரவேண்டும்?

"உள்ளதைத்தான் சொல்லப்போறேன்" என்றார் மருதாசலம் பல்லைக் கடித்தபடி. "உம் புருசன் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். போய் அக்கட்ட நில்லு."

கீர்த்திவாசன் எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய்விட்டான். மருதாசலம் காரைச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டு அடியில் நுழைந்தார். என்ஜினின் வயிறு முழுக்க எண்ணெய் அப்பியிருந்தது. ஓடுகிற வண்டியில் ஓரிடத்தில் கசியும் எண்ணெயைக் காற்று பின்னால் அடித்துக்கொண்டு போய் எல்லா இடத்திலும் பூசிவிடும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்துக் காயவிட்டார். பிறகு சாக்பீஸ் பொடியை எடுத்து என்ஜினின் அடியிலும் பக்கத்திலும் அப்பினார். முதலில் எங்கே கசிகிறதோ, அங்கே வெள்ளைப் பொடி கறுக்கும்.

போல்ட்டு ஒவ்வொன்றையும் ஆசையோடு தடவிப் பார்த்தார். ஆமாம், ஆசையோடுதான். ஒன்றாவது தளர்ந்திருக்காதா என்று அந்தக் கை ஏங்கியது. எல்லாமே இறுக்கமாக இருந்தன. தொட்டியில் ஓட்டையும் இல்லை, ஒரு கீறல் கூட இல்லை.

என்ஜினை ஓடவிட்டார். பொடி வெள்ளையாகவே இருந்தது. வேகத்தைக் கூட்டி உறுமவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேல்மூடியின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு படர்ந்தது. முன்பக்க சீலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எல்லாம் ஒரே நேரத்தில்!

மருதாசலத்தின் நெற்றி சுருங்கியது. கெடுக்க நினைப்பவன் ஓரிடத்தைக் கெடுப்பான். எல்லா இடத்திலும் ஒன்றாகக் கசிந்தால், உள்ளே ஏதோ நெருக்கித் தள்ளுகிறது என்று அர்த்தம். எழுந்துபோய் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். முழுதாகத் திருகுவதற்குள் மூடி கையை மீறித் துள்ளியது. குப்பென்று புகை முகத்தில் அடித்தது. மூடியைத் திறந்தே வைத்து, பொடியைப் புதிதாக அப்பி, மறுபடி உறுமவிட்டார். இப்போது ஓரிடத்தில் கூடப் பொடி கறுக்கவில்லை.

என்ஜினுக்கு மூச்சு அடைத்திருந்தது! உள்ளே உண்டாகும் புகையும் காற்றும் வெளியேற ஒரு குழாய் உண்டு. காருக்கடியில் அதன் வாய் திறந்திருக்கும். அது அடைபட்டதால், மூச்சு முட்டிய என்ஜின் கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் துப்பியிருக்கிறது.

மறுபடி அடியில் நுழைந்து, கம்பியை வளைத்து அந்தக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிய துணி ஒன்று வெளியே வந்தது. குழாய்க்குள் ஆழமாக, மடித்துப் பதவிசாகச் செருகப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் முக்கிப் பிழிந்தார். கத்திரிப்பூ நிறம். ஓரத்தில் மஞ்சள் கரை.

அவர் அதை வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்தார். அந்தச் சேலையை அவருக்குத் தெரியாதா? அன்னக்கிளியின் கல்யாணத்துக்கு, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப்போய், கடை முழுக்கக் கலைத்துப் போட்டு அவரே எடுத்த சேலை அது!

காருக்கடியிலிருந்தே தலையைத் திருப்பினார். சின்னராஜின் கால்கள் தெரிந்தன. "டேய், இங்க வா. குனி. இது என்னடா?"

குனிந்து பார்த்த சின்னராஜின் முகம் வெளுத்தது. ஆனால் அது பிடிபட்டவனின் முகமாக இல்லை. "அதுங்களா... நான் வெச்சதுதானுங்க. மழைக்கு வண்டியை ஷெட்ல போட்டப்போ அந்தக் குழாய் வாயைத் தொறந்துட்டு இருந்துச்சு. ஈரம் ஏறிருமேன்னு அடைச்சேன். தூள் ரூம்ல சந்து பொந்தெல்லாம் அடைப்போமில்ல, அப்படி. உள்ற நல்லாத் தள்ளி வெச்சனா, அப்பறம் கண்ணுல படல. மறந்தே போச்சு. ஏனுங்க, அதனாலயா ஒழுகுது?"

மருதாசலத்துக்குப் புரிந்துவிட்டது. தேயிலைத் தூளுக்கு எமன் ஈரம். தூள் கட்டும் அறையில் வருடக்கணக்காக வேலை செய்தவன், திறந்த வாய் எதைக் கண்டாலும் அடைப்பான். என்ஜினையும் ஒரு தேயிலைப் பெட்டி என்று நினைத்துவிட்டான் மடையன்.

இனி ஒரே ஒரு வாக்கியம் போதும். 'இவன் வீட்டுத் துணியை இவனே செருகியிருக்கான்.' அதில் பொய் ஒரு துளியும் இல்லை. அன்றைக்குச் சின்னராஜ் சொன்ன வாக்கியத்தைப் போலவே அத்தனையும் உண்மை. சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த ஆணி வெளியே வந்துவிடும்.

கீர்த்திவாசன் டீக்கடையிலிருந்து வந்தான். "என்ன, கிடைச்சுதா?"

மருதாசலம் வெளியே வந்து துணியைத் தூக்கிக் காட்டினார். தூரத்தில் நின்ற அன்னக்கிளி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சுக் குழாயை அடைச்சிருக்குதுங்க. அடைச்சவன் இவன்தான்."

"நான்தான் சொன்னேனே!" கீர்த்திவாசன் செல்போனை எடுத்தான்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாராம். ஆனால் பாதி உண்மை என்னவெல்லாம் செய்யும் என்பதை அனுபவித்தவர் அல்லவா அவர்?

"இருங்க, நான் இன்னும் முடிக்கலீங்க" என்றார் கடுப்பாக. "கெடுக்கோணும்னு நெனைக்கறவன் மண்ணை அள்ளி உள்ற போடுவான். அரை மைலு தாண்டாதுங்க வண்டி. இவன் குளுருக்குக் கொழந்தைக்குச் சுத்தற மாதிரி நல்ல துணியா மடிச்சு வெச்சிருக்கான். ஈரம் ஏறக்கூடாதுன்னு. இது சூழ்ச்சி இல்லீங்க. கிறுக்குத்தனம். இவனுக்குத் தேயிலைதான் தெரியும், காரு தெரியாது. காரு தெரியாதவங்கிட்டச் சாவியக் குடுத்தது ஆரு தப்புன்னு நீங்களே நெனச்சுக்கங்க. எடுத்துப் பாருங்க, இனி ஒழுகாது."

கீர்த்திவாசன் முகம் சிவந்தது. காரை எடுத்துக்கொண்டு வளைவு வரை போய், உறுமவிட்டுத் திரும்பி வந்தான். சிமெண்டுத் தரையில் நிறுத்திக் குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. போனைப் பைக்குள் போட்டான். "இனிமே இந்தக் காரைத் தொட்டே, கையை உடைப்பேன். நாளைக்கு ஜீப்பை எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்து சேரு" என்று சின்னராஜிடம் கத்திவிட்டு, நன்றி என்ற சொல்லே இல்லாமல் போய்விட்டான்.

மூன்று பேர் மட்டும் நின்றார்கள்.

"என்னையக் கிறுக்கனாக்கிட்டீங்களே மச்சான்" என்றான் சின்னராஜ் தரையைப் பார்த்தபடி.

"நீ கிறுக்கன்தான்டா! ஜெயிலுக்குப் போற கிறுக்கனா, ஊட்டுக்குப் போற கிறுக்கனாங்கறதுதான் கேள்வி. அன்னிக்கு நீ பாதி சொன்னே. இன்னிக்கு நான் முழுசாச் சொல்லிட்டேன். வித்தியாசம் தெரியுதா? போ, கண்ணு முன்னால நிக்காத."

சின்னராஜ் விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

அன்னக்கிளி மட்டும் நகரவில்லை. துணியையே பார்த்தாள்.

"நான் எடுத்துக் குடுத்த சேலையக் காருக்கு அடைக்கறதுக்கா கிழிச்சீங்க?" என்று உறுமினார் அண்ணன்.

"கிழிக்கலீங்ணா." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "கட்டிக் கட்டித்தான் கிழிஞ்சு போச்சு. நல்ல நாளு, கெட்ட நாளு எல்லாத்துக்கும் அதான். கடைசியில முந்தானைத் துண்டு மட்டும் வெச்சிருந்தேன். ஊட்ல இருக்கறதுலயே கெட்டித் துணின்னு அவரு எடுத்துட்டுப் போயிருக்கறாரு."

அவள் துணிக்காகக் கையை நீட்டினாள்.

"விடு. ஆயிலு. மேலெல்லாம் ஆகும்" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "மழை வருது. நேரத்துல ஊடு போய்ச் சேரு."

வருடங்களுக்குப் பிறகு அண்ணன் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

சின்னராஜோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை. ஆனால் அந்தத் துணி, சோப்புப் போட்டுத் துவைத்து, ஒர்க்‌ஷாப்பின் உட்சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கை துடைக்கலாம் என்று ஒருமுறை அதை எடுத்த லாரி டிரைவர் வாங்கிய திட்டு, எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.