அக்கா வளர்த்த புதர்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவின் பெருமையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அச்சில் வந்தாலாவது கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

அக்கா, குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம். பொய்த்தால் அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். அம்மா இறந்தபோது நான் சின்னப் பெண். எனக்குத் தலை பின்னியது, சோறு போட்டது, முதுகில் நாலு வைத்தது எல்லாம் அக்காதான். அதற்கு நடுவிலேயே ஆசிரியர் பயிற்சி முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். மாமாவைக் கைப்பிடித்ததும் அதே ஊரில்தான். பிள்ளைகளை அடிக்க மாட்டார். "டீச்சர் சும்மா பாப்பாங்க, அதுக்கு அடியே தேவலை" என்பார்கள் பிள்ளைகள்.

பள்ளிக்குப் பின்னால் ஓடைக்கரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒருநாள் வகுப்பில் கவுதாரியைப் பற்றிப் பேசியபோது, அதன் குரலைக் கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. அது அக்காவின் மனதில் தைத்துவிட்டது. ஊராரைக் கெஞ்சிக் கருவேலத்தை வேரோடு எடுக்க வைத்தார். அந்த இடத்தில் பிள்ளைகளை வைத்துக் காரை, சூரை, ஆவாரை, நொச்சி என்று இந்த மண்ணின் செடிகளை நட்டார். விதைக்கு எங்கும் போகவில்லை. பள்ளிக்கு வரும் வழியில் காரைப்பழம் தின்றால் கொட்டையைத் துப்பாமல் சட்டைப்பையில் போட்டுவர வேண்டும். கறை போகவில்லை என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவிய தண்ணீரைப் பிள்ளைகள் வாளியில் பிடித்துக் கரைக்குச் சுமப்பார்கள். கோடை முழுக்க அந்தச் செடிகள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

"ஏங்க்கா, நாலு வேம்பு வச்சா நெழலாவது கெடைக்கும்ல?" என்று நானே கேட்டேன்.

"மரம் வச்சா போட்டோவுக்கு நல்லாருக்கும்டி. கவுதாரி தரையிலதான் முட்டை வைக்கும். ஒளிய அதுக்குப் புதரு வேணாமா?"

செடிகள் இடுப்பளவு வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு கவுதாரி வந்தது. அதற்குள் அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்துவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையில் ஓடைக்கரையில் நின்று தன் அம்மாவின் போனில் கவுதாரிச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து, "யாரும் அங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா விட்டுட்டாப் போதும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு.

நாங்கள் சும்மா விடவில்லை. அக்காவின் காரியத்துக்கு அதிகாரிகளும் ஆசிரியர்களும் வருகிறார்கள், டீச்சர் மரம் நட்ட இடத்தைப் பார்க்கக் கேட்பார்கள் என்று, மாமா முந்தின நாளே பொக்லைன் வைத்து ஓடைக்கரையைச் சுத்தம் செய்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கரை வழித்துவிட்ட வாணலிபோல் கிடந்தது. பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"மரத்தைத் தேடித் தேடிப் பாத்தேன் பாப்பா. ஒண்ணையும் காணும். வெறும் பொதருதான் மண்டிக் கெடந்துச்சு. அதாலதான் மரமெல்லாம் பட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார் மாமா. அக்கா வளர்த்ததே அந்தப் புதரைத்தான் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை நான் என்ன சொல்வது? ஊரே மரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அக்கா போன அன்றைவிட அன்றுதான் நான் அதிகம் அழுதேன். கவுதாரி அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

இப்போது அதே இடத்தில் அக்காவின் பெயரில் நினைவு மண்டபம் கட்டப் போகிறார்கள். செய்த பிழைக்கு ஈடாக ஏதாவது செய்யாவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் வராது. உறவினர்கள் பலரும் உதவ முன்வந்தீர்கள். செங்கல் வந்து இறங்கிவிட்டது. நாளைக் காலை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது எட்டாவது படிக்கிறாள். போன வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அத்தை, செங்கல்லுக்கு அடியில நொச்சி துளுத்துருக்குங்க. ஆவாரையும் வந்துருக்கு. நகத்தலாம்னு பாத்தோம், அம்புட்டையும் எங்களால தூக்க முடியல" என்றாள். கையைப் பார்த்தேன், உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு.

பொக்லைன் மேலேதான் வழித்திருக்கிறது. வேர் உயிரோடு இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டினால் வேரும் போய்விடும். பிறகு எத்தனை வாளி தண்ணீர் சுமந்தும் பயனில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மண்டபம் வேண்டாம்.

அக்காவின் நோய்க்காலத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் தந்த பழைய மாணவர்களுக்கும், எங்களுக்கு மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தண்ணீர் சுமந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் பஸ்ஸுக்கு ஓடாமல் எல்லோரும் ஓடைக்கரைக்கு வாருங்கள். பிள்ளைகள் அங்கே காத்திருக்கிறார்கள். நடைக்கு நாலு செங்கலாக ஆளாளுக்குத் தூக்கிக் கரையை விட்டு அகற்றினால் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

மாமா, முதல் கல்லை நீங்கள் தூக்குங்கள்.