மலைக்குப் போட்ட கும்பிடு

மூன்று நாள் சீயக்காய் தேய்த்துக் குளித்தும், அந்த நீலச் சாயத்தின் மண்ணெண்ணெய் நாற்றம் எங்கள் உடம்பை விட்டுப் போகவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. மலைக்குப் பின்பக்கத்துக் காட்டில் சினிமா எடுக்க வந்த வெள்ளைக்காரர்கள், கொல்லையில் "மல்லாட்டை" என்கிற வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த எங்கள் ஜனத்தைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். தகரக் கப்பலில் பறந்து ஒரு துரை வேறு உலகத்தில் போய் இறங்குவானாம். அந்த உலகத்துக் காட்டுமிராண்டிகள் நாங்களாம். அதற்காக உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிவிட்டார்கள். பேசக்கூடாது, "ஊ ஊ" என்று கத்தவேண்டும்.

"ஏம்பா, அந்த லோகத்துல யாருக்கும் வாயே கெடையாதா?" என்று கேட்டாள் என் அம்மா முனியம்மா.

"பேச்செல்லாம் தொரைக்குத்தாம்மா. நீங்க அவரு கால்ல விழுந்தா போதும்," என்றார் எங்களைக் கூட்டிப்போன ஏஜெண்டு.

துரை இறங்கினான். நாற்பது பேரும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டோம். வேண்டுமென்றே செய்யவில்லை, எங்களுக்கு மலைதான் சாமி, விதைக்கும்போதும் அறுக்கும்போதும் விழுந்து பழகிய திசை அது. படம் எடுத்தவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"அவரப் பாத்து விழுங்கம்மா!" என்று ஏஜெண்டு கத்தினார்.

"இந்த ஊர்ல விழறதுக்கு ஒரே எடந்தான். வேணும்னா அவரையும் எங்ககூட வந்து விழச் சொல்லு," என்றாள் அம்மா.

ஏஜெண்டு அதை எப்படிச் சொன்னாரோ, படம் எடுத்தவன் சிரித்தான். மாடுகளைப் பூட்டித் தகரக் கப்பலை இழுத்துவந்து, எங்களுக்கும் மலைக்கும் நடுவில் நிறுத்தித் துரையை அதன்முன் நிற்கவைத்தான்.

"நந்தி மாதிரி மறைச்சிக்கினு நிக்கிறான். நின்னுட்டுப் போறான், வுடுடி," என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா மலைக்கு விழுந்தாள். எந்தத் துரை காலிலும் விழாதவள் நான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதம், எங்கள் மாடியில் குடியிருக்கும் சென்னைப் பெண், பழைய படங்களைப் பற்றிப் படிப்பவள், அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துக் காட்டினாள். மலையைக் காணோம். அந்த இடத்தில் செக்கச்செவேலென்று வானம், இரண்டு சூரியன். மிஞ்சியது துரை, அவன் காலடியில் என் அம்மா. நம் நாட்டை ஆண்டு முடித்துப் போனவர்களுக்கு, இல்லாத உலகத்தில் கும்பிடவும் நாங்கள்தான் கிடைத்தோமா? கடைசியில் ஓடிய பேர்களைப் படிக்கச் சொன்னேன். சாயம் கலக்கியவன் பேர்கூட இருந்தது. எங்களில் ஒருத்தர் பேரும் இல்லை.

அந்தக் காடு இன்று வீட்டுமனை. அன்று விழுந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுத்துக்கூட்டி எழுதிவைக்கிறேன்: அந்தப் படத்தை நீங்கள் பார்க்க நேர்ந்தால், முன்வரிசையில் மூக்குத்தியோடு குனிந்திருப்பவள் பேர் முனியம்மா. அவள் கும்பிட்டது அவனை இல்லை.