பிரேக்குக்கு விளக்கெண்ணெய்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரேக் எண்ணெய் கண்ணிலேயே படாது. காஜா பெராங் வட்டாரத்தில் இருந்த எங்கள் பட்டறையில் லோரிகளுக்கு ஆமணக்கில் எடுத்த விளக்கெண்ணெயைத்தான் ஊற்றுவோம். அன்று எனக்குக் கை ஒழியவில்லை. டிரைவர் மாணிக்கத்திடம், "விளக்கெண்ணெய் வாங்கி ஊத்திடு" என்றேன்.

அடுத்த வாரம் அவன் லோரியில் மரவள்ளி மூட்டைகளோடு இருவரும் போனோம். தெங்கேராவில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு முன்னால் பிடித்த பிரேக் விடவே இல்லை. உள்ளே ரப்பர் ஊதிப்போயிருந்தது. சிப்பாய் துப்பாக்கியோடு வந்தான்.

"என்னத்தடா ஊத்துன?" என்று மாணிக்கத்தைக் கேட்டேன்.

"விளக்குக்கு ஊத்துற எண்ணெய்தாண்ணே. கோயில்ல கேட்டு வாங்குனேன், நல்ல தேங்காயெண்ணெய்."

"அட விளக்கெண்ணெய்!" என்று கத்தினேன்.

"அதத்தானே ஊத்துனேன்!" என்று அவனும் கத்தினான்.

சிப்பாய் இருவருக்கும் அறை விட்டான்.

மாணிக்கம் சொன்னதும் சரிதான், அதுதான் எரிச்சல். இப்போது கடையில் ஆமணக்கெண்ணெய் என்றே கேட்கிறேன். திட்டும்போது மட்டும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.